ஸ்டியரிக் அமில கிரீமின் பிஹெச்சைக் குறைத்ததும் பால்மம் உடைவது ஏன்? ஈரப்பதமூட்டும் திறனை எப்படிச் சோதிப்பது?

பிஃபார்ம்_இறுதியாண்டு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இறுதியாண்டு செயல்திட்டத்துக்காக எங்கள் குழு கல்லூரி ஆய்வகத்தில் ஈரப்பதமூட்டும் கிரீம் ஒன்றைத் தயாரித்து வருகிறது. 100 கிராம் கிரீமுக்கு ஸ்டியரிக் அமிலம் 18 கிராம், சீட்டைல் ஆல்கஹால் 2 கிராம், லேசான திரவ பாரஃபின் 4 கிராம், கிளிசரின் 6 கிராம், 85 சதவீதத் தூய்மையுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 1.1 கிராம், பதப்பொருள்களாக (கெடாமல் காப்பவை) மெத்தில் பாரபென் 0.18 கிராம், புரோப்பில் பாரபென் 0.02 கிராம், மீதி காய்ச்சி வடித்த நீர் என்பது எங்கள் கலவை. எண்ணெய்ப் பகுதியையும் நீர்ப் பகுதியையும் தனித்தனி பீக்கர்களில் 75 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ஒன்றாகச் சேர்த்து, ஆறும்வரை கலக்கினோம். வெண்மையாக, முத்தின் மினுமினுப்போடு நல்ல கிரீம் கிடைத்தது. பிஹெச் 8.2 இருந்தது.

தோலின் பிஹெச் 5.5 அளவில் இருப்பதால் கிரீமும் அதே அளவில் இருக்க வேண்டும் என்று வழிகாட்டி ஆசிரியர் சொன்னார். அதன்படி, ஆறிய கிரீமில் 88 சதவீத லாக்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்கியபோது கிரீம் முதலில் நீர்த்தது. பிறகு விரலால் தேய்த்தால் நெருடும் அளவுக்குச் சிறு மணிகள் தோன்றின. மறுநாள் அடியில் தண்ணீர் தனியாகத் தேங்கி நின்றது. அமிலத்தை இன்னும் மெதுவாகச் சேர்த்தாலும், சூடாக இருக்கும்போதே சேர்த்தாலும் முடிவு மாறவில்லை. இதற்குக் காரணம் என்ன?

இன்னொரு கேள்வியும் உண்டு. எங்களிடம் பிஹெச் மானி, மையவிலக்கி, வெப்பக்காற்று அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, புரூக்ஃபீல்டு பாகுநிலைமானி ஆகியவை இருக்கின்றன. தோலின் ஈரத்தை அளக்கும் கருவி இல்லை. அந்நிலையில் இதை "ஈரப்பதமூட்டும் கிரீம்" என்று அறிக்கையில் எழுத, எந்தச் சோதனையை ஆதாரமாகக் காட்டலாம்?

பால்மம்_கோவை

உங்கள் கலவையை இவ்வளவு தெளிவாக எடையோடு எழுதியிருப்பதால் கணக்குப் போட்டே பதில் சொல்ல முடிகிறது. இந்தக் கிரீமில், எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கும் பால்மமாக்கி என்று நீங்கள் தனியாக எதையும் சேர்க்கவில்லை. ஸ்டியரிக் அமிலத்தின் ஒரு பகுதி பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து பொட்டாசியம் ஸ்டியரேட் என்னும் சோப்பாக மாறுகிறது. அந்தச் சோப்புதான் எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்து நின்று, அவை ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் காக்கிறது. வணிகத் தர ஸ்டியரிக் அமிலத்தின் அமில எண்ணை (ஒரு கிராமை நடுநிலையாக்கத் தேவையான பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் மில்லிகிராம் அளவு) 208 என்று கொண்டால், 18 கிராமையும் முழுதாக நடுநிலையாக்க ஏறத்தாழ 3.74 கிராம் தூய பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தேவை. நீங்கள் சேர்த்த 1.1 கிராமில் தூய பொருள் 0.935 கிராம் மட்டுமே. அதாவது அமிலத்தில் கால் பங்குதான் சோப்பாகியிருக்கிறது. மீதி முக்கால் பங்கு அமிலமாகவே நிற்கிறது. தடவியதும் தோலில் மறைந்துவிடும் வானிஷிங் கிரீமுக்கு இது சரியான விகிதம். அந்த முத்து மினுமினுப்பும் சோப்பாகாத ஸ்டியரிக் அமிலத்தின் நுண்படிகங்களால் வருவதே.

இப்போது லாக்டிக் அமிலத்துக்கு வருவோம். 0.935 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்பது 16.7 மில்லிமோல். 88 சதவீத லாக்டிக் அமிலம் 1 கிராமில் 9.8 மில்லிமோல் அமிலம் இருக்கிறது. ஒரே ஒரு கிராம் சேர்த்தாலே உங்கள் சோப்பில் ஐந்தில் மூன்று பங்குக்கு நெருக்கமான அளவு மீண்டும் ஸ்டியரிக் அமிலமாகிவிடுகிறது, 1.7 கிராம் சேர்த்தால் சோப்பே மிஞ்சாது. விரலில் நெருடிய மணிகள் அப்படித் திரும்பிவந்த ஸ்டியரிக் அமிலம்தான். காவலுக்கு நின்ற சோப்பை நீங்களே கலைத்துவிட்டபின் துளிகள் சேர்வதையும் நீர் பிரிவதையும் யாராலும் தடுக்க முடியாது. ஆகவே அமிலத்தை மெதுவாகச் சேர்ப்பதா வேகமாகச் சேர்ப்பதா, சூட்டில் சேர்ப்பதா ஆறியபின் சேர்ப்பதா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஒரு சந்தேகம் எழலாம். கொழுப்பு அமிலங்களின் பிகேஏ (அமிலத்தில் பாதி தன் புரோட்டானை விட்டுவிடும் பிஹெச்) 4.8 என்று பாடநூலில் இருக்க, பிஹெச் 6-லேயே சோப்புப் பால்மம் உடைவானேன்? நீரில் தனித்தனியாகக் கரைந்திருக்கும் மூலக்கூறுக்கு உரிய மதிப்பு அது. எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பில் நீண்ட சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கி நிற்கும்போது, பக்கத்துப் பக்கத்து எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதால், அமிலம் தன் புரோட்டானை எளிதில் விடுவதில்லை. அங்கே செயல்படும் பிகேஏ மிகவும் உயர்ந்துவிடுகிறது. அதனால் சோப்புப் பால்மம் நடுநிலைக்குக் கீழே இறங்கினாலே தள்ளாடத் தொடங்கும். குழாய்த் தண்ணீரிலுள்ள கால்சியமும் இதே சேதத்தை வேறு வழியில் செய்யும் என்பதால், காய்ச்சி வடித்த நீரை எக்காரணத்துக்காகவும் மாற்றிவிடாதீர்கள்.

பிஹெச் 5.5 கட்டாயம் வேண்டும் என்றால் பால்மமாக்கியை மாற்றுங்கள். மின்னூட்டமில்லாத வகை இதற்கு ஏற்றது. செட்டோமேக்ரோகால் பால்மமெழுகில் செட்டோஸ்டியரைல் ஆல்கஹால் 80 பங்கும் செட்டோமேக்ரோகால் 1000 என்பது 20 பங்கும் இருக்கும். பிஹெச் இறங்கினாலும் அது தன் வேலையைச் செய்யும். பிரிட்டிஷ் மருந்துத் தரநூலின் செட்டோமேக்ரோகால் கிரீமைப் பிரித்துப் பார்த்தால் இந்த மெழுகு 9, திரவ பாரஃபின் 6, வெள்ளை மென்பாரஃபின் 15 சதவீதம் என்று வரும். அதையே அடிப்படையாக வைத்து, நீரில் ஒரு பகுதியைக் குறைத்துவிட்டு 10 சதவீதம் கிளிசரின் சேர்த்தால், ஈரப்பதமூட்டும் கிரீம் என்ற பெயருக்கு உங்கள் பழைய கலவையைவிட இது பல மடங்கு பொருந்தும்.

மருந்தாக்கவியல்_ஆசிரியை

மேலே சொல்லப்பட்ட காரணத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 8.2 பிஹெச் உள்ள கிரீமே தவறு என்ற எண்ணம் மாணவர்களிடம் வேரூன்றிவிடக் கூடாது. தோல் கிரீம்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 6608, பிஹெச் 4 முதல் 9 வரை இருக்கலாம் என்று அனுமதிக்கிறது. 1919-இல் பம்பாயில் பட்டன்வாலா அறிமுகப்படுத்திய ஆப்கன் ஸ்னோ தொடங்கி, நம் வீடுகளில் "ஸ்னோ" என்று அழைக்கப்பட்ட கிரீம்கள் எல்லாம் இந்த ஸ்டியரேட் குடும்பத்தைச் சேர்ந்தவை. பவுடர் ஒட்டுவதற்கு வழவழப்பில்லாத ஒரு மெல்லிய படலம் வேண்டியிருந்தது. அந்தத் தேவைக்கு அவை பிறந்தன. தோல் வறட்சிக்கு மருந்தாக அவை வகுக்கப்படவில்லை என்பதே நீங்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு. ஆரோக்கியமான தோல் சிறிதளவு காரத்தைத் தானே சமன் செய்துகொள்ளும். மாறாக, வறண்டு வெடித்த தோலுக்கு என்று நீங்கள் எழுதப்போவதாக இருந்தால் நிலைமை வேறு: தோலின் மேலடுக்கில் செராமைடுகள் என்னும் கொழுப்புகளை உருவாக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் நன்றாக இயங்குகின்றன, பிஹெச் உயரும்போது செல்களைப் பிணைக்கும் புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் சுறுசுறுப்படைகின்றன. அப்போது உங்கள் ஆசிரியர் சொன்ன 5.5-க்கு வலுவான நியாயம் இருக்கிறது.

செய்முறை பற்றிச் சில சொற்கள். பீக்கரையும் கலக்கும் கோலையும் சேர்த்து முதலிலேயே எடை பார்த்துக் குறித்து வையுங்கள். 75 டிகிரியில் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சிறிய பீக்கரில் சில கிராம் இழப்பு என்பது சாதாரணம். கடைசியில் எடை பார்த்து, குறைந்த அளவுக்குச் சூடாக்கிய நீரைச் சேர்க்காவிட்டால் ஒவ்வொரு தொகுதியும் வெவ்வேறு கலவையாகிவிடும், பாகுநிலை அளவுகளை ஒப்பிடவே முடியாது. நீர்ப் பகுதியை எண்ணெய்ப் பகுதியைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீர் பட்டால் மெழுகு அந்த இடத்திலேயே உறைந்துவிடும். கலந்த சில நிமிடங்களுக்கு ஹோமோஜினைசர் போதும். அதன்பின் வேகத்தைக் குறைத்து, நடுவில் சுழி விழாதபடி, 35 டிகிரி வரை நிதானமாகக் கலக்குங்கள். சுழி விழுந்தால் காற்று உள்ளே போகும். காற்று போன கிரீம் கெட்டியாக, அழகாகத் தெரியும், சில நாட்களில் தளர்ந்துவிடும்.

பாகுநிலையை அன்றே அளக்காதீர்கள். செட்டோஸ்டியரைல் ஆல்கஹால் நீரோடு சேர்ந்து அடுக்கடுக்கான கூழ்வலையாக அமைவதற்கு நேரம் எடுக்கும். குறைந்தது 24 மணி நேரம் 25 டிகிரியில் வைத்திருந்து அளந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. சுழலியின் எண்ணையும் வேகத்தையும் குறிப்பிடாத பாகுநிலை மதிப்பைத் தேர்வாளர் ஏற்கமாட்டார்.

பிஃபார்ம்_இறுதியாண்டு

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா, அம்மா. செட்டோமேக்ரோகால் மெழுகு எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. அந்த வழியில் போகலாம் என்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம். பாரபென்களை அதே அளவில் வைத்துக்கொள்ளலாமா? கற்றாழைச் சாறும் 5 சதவீதம் சேர்க்க விரும்புகிறோம்.

நுண்ணுயிரியல்_மதுரை

பாரபென்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று கருதிவிடாதீர்கள். செட்டோமேக்ரோகால் போன்ற பாலிஎத்திலீன் கிளைக்கால் வகைப் பால்மமாக்கிகள் நீரில் நுண்திரள்களாகக் கூடி நிற்கும். பாரபென் அந்தத் திரள்களுக்குள் புகுந்து அடைந்துகொள்ளும். நுண்ணுயிர் வளர்வதோ நீரில். நீரில் சுதந்திரமாக இருக்கும் பதப்பொருள் மட்டுமே அதைத் தடுக்கும் என்பதால், எடை போட்டுச் சேர்த்த அளவு ஏட்டில் சரியாக இருந்தும் கிரீம் பூஞ்சை பிடிக்கும். சோடியம் பென்சோயேட்டை மட்டும் நம்புவதும் சரிவராது. பென்சாயிக் அமிலத்தின் பிகேஏ 4.2, பிஹெச் 5.5-இல் அதில் ஏறத்தாழ 5 சதவீதமே செல்லுக்குள் நுழையக்கூடிய அமில வடிவில் இருக்கும். பீனாக்சிஎத்தனால் பிஹெச்சைப் பொருட்படுத்தாமல் செயல்படும்; 1 சதவீதம் அதன் மேல்வரம்பு. அதை 0.8 அல்லது 0.9 சதவீதமாக வைத்து, பூஞ்சைக்கு எதிரான துணையாகப் பொட்டாசியம் சார்பேட்டைச் சேர்த்து, பிஹெச்சை 5-க்கு அருகில் கொண்டுவந்தால் நிலைமை மேம்படும்.

கற்றாழைச் சாறு என்றதும் எனக்குக் கவலை வருகிறது. சர்க்கரைகளும் கனிமங்களும் கலந்த சாறு நுண்ணுயிருக்கு விருந்து. புதிதாகக் கீறி எடுத்த கற்றாழைச் சோற்றைக் கலந்தால் தோட்டத்து மண்ணிலிருந்த கிருமிகளையும் சேர்த்தே கலக்கிறீர்கள். 5 சதவீதக் கற்றாழை அளவிடத்தக்க எந்தப் பயனைத் தரும் என்று உங்களால் காட்ட முடியாவிட்டால் அதை விட்டுவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கற்றாழை இல்லாத கிரீமை முதலில் ஒழுங்காக முடியுங்கள்.

சோதனை விஷயத்தில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். கிரீமை எடுத்து அகார் தட்டில் பரப்பி, கூட்டங்கள் வளரவில்லை என்று காட்டுவது அன்றைய சுத்தத்தை மட்டும் காட்டும். வாடிக்கையாளரின் விரல் தினமும் அந்த டப்பாவுக்குள் போகும்போது கிரீம் தாங்குமா என்பதற்கு அறைகூவல் சோதனை வேண்டும். ஐஎஸ்ஓ 11930 முறையில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா, எஷரிக்கியா கோலை, கேண்டிடா அல்பிகன்ஸ், அஸ்பர்ஜில்லஸ் பிரேசிலியென்சிஸ் ஆகியவற்றைத் தனித்தனிப் பங்குகளில் கலந்து, 7, 14, 28-ஆம் நாட்களில் எண்ணுவார்கள். கிராமுக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை சேர்க்கப்பட்ட பாக்டீரியா, கடுமையான அளவுகோலின்படி 7-ஆம் நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும். பிறகு ஏறவும் கூடாது. எண்ணும்போது வளர்ப்பூடகத்தில் லெசித்தினும் பாலிசார்பேட் 80-உம் சேர்த்துப் பதப்பொருளை முடக்குங்கள். இல்லாவிட்டால் கிரீமோடு தட்டுக்கு வந்த பதப்பொருளே அங்கும் வளர்ச்சியைத் தடுத்து, உயிரோடிருக்கும் கிருமிகளை இறந்தவையாகக் காட்டும்.

தோல்_அளவீடு

இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் அதுதான். மையவிலக்கியில் பிரியவில்லை, அடுப்பில் உருகவில்லை, பிஹெச் மாறவில்லை என்ற முடிவுகள் எல்லாம் கிரீம் தன் ஈரத்தைக் காத்துக்கொள்கிறது என்பதைச் சொல்கின்றன. தோலின் ஈரத்தை அது காக்கிறதா என்பதைப் பற்றி அவை ஒரு சொல்லும் சொல்வதில்லை. பல செயல்திட்ட அறிக்கைகளில் நிலைப்புச் சோதனை அட்டவணைக்குக் கீழே "சிறந்த ஈரப்பதமூட்டி" என்று முடிவுரை எழுதப்படுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் கையிலிருக்கும் எளிய பொருட்களைக் கொண்டே நேர்மையான ஓர் ஆதாரத்தை அவர்களால் பெற்றிருக்க முடியும்.

கிரீம் இரண்டு வழிகளில் வேலை செய்கிறது. மென்பாரஃபின் தோலின் மேல் மூடியாக நின்று நீர் ஆவியாவதைத் தடுக்கிறது. கிளிசரின் மேலடுக்குக்குள் நுழைந்து நீரைப் பிடித்துவைக்கிறது. முதல் பண்பை ஆய்வகத்திலேயே அளக்கலாம். 100 மில்லி பீக்கர்களில் சமமாக 50 மில்லி நீர் ஊற்றி, ஒரே வகை வடிதாளால் மூடி, விளிம்பை நன்றாக அடைத்துவிடுங்கள். சில பீக்கர்களின் தாளில் 200 மில்லிகிராம் கிரீமைச் சீராகப் பரப்புங்கள்; சிலவற்றை வெறுமனே விடுங்கள். தோல் பரப்பின் வெப்பமான 32 டிகிரியில் வைத்து, 6, 24, 48 மணி நேரங்களில் எடை பாருங்கள். வெறும் தாள் வழியாக இழந்த நீர் எவ்வளவு, கிரீம் பூசிய தாள் வழியாக இழந்தது எவ்வளவு என்ற வித்தியாசத்தை முதலாவதன் சதவீதமாக எழுதினால் அதுவே மூடுதிறன். பூசிய கிரீமிலுள்ள நீரும் ஆவியாகும் என்பதால் முதல் சில மணி நேரத்து எண்கள் கிரீமுக்குப் பாதகமாகத் தெரியும். 24 மணி நேரத்துக்குப் பிந்தையவற்றை நம்புங்கள். ஒப்பீட்டுக்கு வெள்ளை மென்பாரஃபின் மட்டும் பூசிய பீக்கரும், மென்பாரஃபின் இல்லாத கிரீம் பூசிய பீக்கரும் கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று பீக்கர்கள் வையுங்கள்.

நீர்பிடிக்கும் பண்புக்கு இரண்டு உலர்கலன்கள் போதும். ஒன்றின் அடியில் சோடியம் குளோரைடின் நிறைசெறிவுக் கரைசலை வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மற்றொன்றில் மெக்னீசியம் குளோரைடை வைத்தால் 33 சதவீதம். கிளிசரின் உள்ள கிரீமையும் இல்லாத கிரீமையும் கடிகாரக் கண்ணாடிகளில் மெல்லிய படலமாகப் பூசி இரண்டிலும் வைத்து எடை பார்த்தால், வறண்ட காற்றில் எது நீரை எவ்வளவு பிடித்துவைக்கிறது என்று தெரியும். சென்னையின் காற்றுக்கும் குளிரூட்டிய அறையின் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரு கலன்களும் ஓரளவு காட்டிவிடும்.

மனிதத் தோலில் அளக்க வேண்டும் என்றால், பக்கத்திலுள்ள மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவில் மின்தேக்கு முறையில் ஈரம் அளக்கும் கருவி இருக்கிறதா என்று உங்கள் துறைத்தலைவர் வழியாகக் கேளுங்கள். நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பங்கேற்பாளரின் எழுத்துப்பூர்வ இசைவும் இல்லாமல் நண்பர்களின் கையில்கூடப் பூசிப் பார்க்காதீர்கள். அளக்கும் அறை 20 முதல் 22 டிகிரியில், ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்தில் இருக்க வேண்டும். பங்கேற்பாளர்கள் அரை மணி நேரம் அங்கே அமர்ந்தபின்பே அளவெடுக்க வேண்டும். வெயிலில் நடந்து வந்தவரின் முன்கையில் உடனே அளந்தால் வியர்வையைத்தான் அளப்பீர்கள். ஒரே கையில் பூசிய இடமும் பூசாத இடமும் வேண்டும், எது எந்த இடம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க வேண்டும்.

இந்த வாய்ப்பு அமையவில்லை என்றால் அறிக்கையில் "ஆய்வகச் சூழலில் நீர் ஆவியாதலை இத்தனை சதவீதம் குறைத்தது" என்று எழுதுங்கள். அதைவிட ஒரு சொல்லும் கூடுதலாக வேண்டாம்.

பிஃபார்ம்_இறுதியாண்டு

கற்றாழையை விட்டுவிடுகிறோம். மூடுதிறன் சோதனைக்கும் உலர்கலன் சோதனைக்கும் தேவையானவை எங்களிடமே இருக்கின்றன. அறிக்கை தர அதிகக் காலம் இல்லாததால், நிலைப்புத்தன்மையை விரைவாக அறிய 60 டிகிரி அடுப்பில் வைத்துப் பார்க்கலாமா?

பால்மம்_கோவை

60 டிகிரி வேண்டாம். அந்த வெப்பத்தில் மெழுகே இளகிவிடும். செட்டோமேக்ரோகாலின் எத்திலீன் ஆக்சைடு சங்கிலியும் தன்னைச் சூழ்ந்த நீரை இழந்து எண்ணெய்ப் பக்கம் சாயும். அங்கே உடைந்த கிரீம் அலமாரியில் பல மாதங்கள் நன்றாக இருக்கக்கூடும், ஆகவே அந்த முடிவிலிருந்து எதையும் கணிக்க முடியாது. ஐஎஸ் 6608 கேட்கும் வெப்பநிலைப்புச் சோதனை 45 டிகிரியில் 48 மணி நேரம். அதை முதலில் செய்யுங்கள். பிறகு ஒரு தொகுதியை 40 டிகிரியிலும், ஒன்றை அறை வெப்பத்திலும், ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியிலும் வைத்து, அறிக்கை தரும் நாள்வரை வாரந்தோறும் பிஹெச், பாகுநிலை, தோற்றம் மூன்றையும் குறியுங்கள். குளிர்பதனப் பெட்டிக்கும் 45 டிகிரி அடுப்புக்கும் இடையே நாள்மாற்றி நாள்மாற்றிச் சில சுற்றுகள் வைத்தும் பாருங்கள். குறைகாலத்தில் பலவீனத்தைக் காட்டிக்கொடுப்பதில் இது சிறந்தது.

மையவிலக்கியில் நிமிடத்துக்கு 3000 சுற்று, 30 நிமிடம் என்பது வழக்கம். சுழலியின் ஆரத்தையும் சேர்த்து எழுதுங்கள்: 10 சென்டிமீட்டர் ஆரத்தில் அது புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 1000 மடங்கு விசை, 15 சென்டிமீட்டரில் 1500 மடங்கு. பிஹெச்சை அளக்கும்போது மின்முனையைக் கிரீமில் நேரடியாகக் குத்தாமல், கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் 10 சதவீதக் கலவையாக்கி அளந்து, ஒவ்வொரு முறையும் முனையில் படிந்த கொழுப்பைத் துடைத்துக் கழுவிவிட்டு அடுத்த மாதிரிக்குச் செல்லுங்கள். இம்முறை லாக்டிக் அமிலத்தோடு சிறிது சோடியம் லாக்டேட்டும் சேர்த்துத் தாங்கல் கரைசலாக அமைத்தால், 40 டிகிரியில் வைத்த தொகுதியின் பிஹெச் நகர்வதும் குறையும்.